சிவகாசி அச்சகத்திற்கு ஒரு கணினிக் கட்டமைப்புச் சேவை: காலண்டர் சீசன் முழுவதும் பார்த்த பிறகு எழுதும் மதிப்புரை

சிவகாசியில் எங்கள் குடும்பம் நடத்திவரும் ஆஃப்செட் அச்சகத்தில் 22 கணினிகளும், அவை பகிர்ந்துகொள்ளும் கோப்புகள் இருக்கும் மையக் கணினியான சர்வர் ஒன்றும் இருக்கின்றன. நாட்காட்டி, டைரி, பட்டாசுப் பெட்டி, லேபிள் ஆகியவை எங்கள் முதன்மையான வேலைகள். 2025 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மதுரையைச் சேர்ந்த ஒரு சிறு நிறுவனத்தை அழைத்து, அச்சகத்தின் கணினிக் கட்டமைப்பு முழுவதையும் ஆய்வு செய்து, தேவையானவற்றை மட்டும் மாற்றித் தரும் சேவையைப் பெற்றோம். வேலை முடிந்த கையோடு எழுதினால் புதுப்பொருளின் மகிழ்ச்சியில் எழுதியதாகிவிடும் என்பதால், ஆடிப்பெருக்கன்று புது மாதிரிகளின் ஆல்பம் வெளியிட்டு மார்கழிக் கடைசியில் முடியும் ஒரு காலண்டர் சீசன் முழுவதும் அந்தக் கட்டமைப்பு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. யாரை அழைத்தாலும் அவர்களிடம் எதைக் கேட்க வேண்டும், எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்கக் கூடாது என்பது படிப்பவருக்குப் பயன்பட வேண்டும் என்பதே என் நோக்கம்.

எங்கள் சர்வர் 2014இல் வாங்கியது. அது ஒரு நாளும் முழுமையாக நின்றுபோனதில்லை. ஆகவே, ஓடுகிற இயந்திரத்தை ஏன் கழற்ற வேண்டும் என்பதுதான் அப்பாவின் கருத்தாக இருந்தது. பல ஆண்டுகள் என் கருத்தும் அதுவே. ஆய்வுக்கு வந்த இருவரும் முதல் நாள் எந்தக் கணினியையும் தொடவில்லை. டிசைன் பிரிவில் அரை நாளும், கணக்குப் பிரிவிலும், அச்சுத் தகடான பிளேட்டைக் கணினியிலிருந்து நேரடியாக எடுக்கும் சி.டி.பி. அறையிலும் சில மணி நேரமும் ஊழியர்களின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர்கள் செய்வதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது நேரத்தை வீணாக்குவதாகவே பட்டது. மாலையில் அவர்கள் படித்துக் காட்டிய மூன்று பக்கங்கள்தான் இந்தச் சேவையில் நாங்கள் வாங்கிய மிக மதிப்புள்ள பொருள் என்று இப்போது நினைக்கிறேன்.

டிசைனர் ஒரு கோப்பைச் சர்வரிலிருந்து திறக்கச் சொல்லிவிட்டு எழுந்துபோய்த் தேநீர் குடித்துவிட்டு வருகிறார். டெஸ்பாட்ச் ஊழியர் காலை எட்டரை மணிக்குக் கணினியைப் போட்டுவிட்டு, சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றி, நேற்றைய பார்சல் சீட்டுகளை அடுக்கிவிட்டு உட்காரும்போதுதான் திரை தயாராகிறது. அவர்கள் அளந்தபோது அது 9 நிமிடம். எங்களிடம் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கும் கணக்குப்பிள்ளை, மாதக் கடைசியில் அறிக்கை எடுக்கும்போது, “தம்பி, எல்லாரையும் ஒரு அரைமணி நேரம் கணக்கை மூடிட்டு வெளியே வரச் சொல்லுங்க” என்பார், நானும் சொல்வேன். யாரும் இவற்றைக் குறையாக என்னிடம் சொன்னதில்லை. இயந்திரத்தின் இயலாமையைச் சுற்றி ஊழியர்கள் தங்கள் பழக்கங்களை வளைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பழக்கங்கள் வேலையின் ஒரு பகுதியாகவே எங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. கட்டமைப்பை மாற்றும் வேளை வந்துவிட்டது என்பதற்கு, ஏதோ ஒன்று வெடித்து நிற்பதைவிட இந்த வளைந்த பழக்கங்களே முந்தி வரும் அடையாளம் என்பதை அந்த மூன்று பக்கங்கள் எனக்குக் காட்டின.

அவற்றுள் எங்களுக்கு மிக அதிகச் செலவு வைத்தது பென் டிரைவ் பழக்கம். டிசைன் பிரிவிலிருந்து சி.டி.பி. அறைக்கு நெட்வொர்க் வழியே கோப்பு போக நேரமாகிறது என்று, யார் சொல்லியும் இல்லாமல், பையன்கள் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். அதன் விளைவாக 2023 சீசனில் ஒரு ஜவுளிக்கடையின் மாதக் காலண்டருக்குத் திருத்தத்திற்கு முந்தைய கோப்பு பிளேட்டுக்குப் போய்விட்டது. கடையின் பழைய தொலைபேசி எண்ணோடு 2,000 தாள்கள் ஓடிய பிறகே கண்டுபிடித்தோம். அன்று நாங்கள் அந்தப் பையனைக் கண்டித்தோம். அவன் ஓடியதற்குக் காரணம் சுவரில் மாட்டியிருந்த, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் 100 மெகாபிட் நெட்வொர்க் சுவிட்ச் என்பது இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவனிடம் இதை நான் சொன்னேன்; சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருந்தது.

இரண்டாம் நாள் அளவெடுத்தார்கள். பன்னிரண்டு தாள் மாதக் காலண்டருக்கான 1.2 ஜிகாபைட் கோப்பு ஒன்றைச் சர்வரிலிருந்து டிசைனரின் கணினிக்கு நகலெடுத்தபோது இரண்டு நிமிடத்திற்கு மேல் ஆனது. 100 மெகாபிட் இணைப்பில் வினாடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் போக முடியும் என்பதால், எவ்வளவு விலையுயர்ந்த கணினியை டிசைனருக்கு வாங்கிக் கொடுத்தாலும் அந்தக் கோப்பு ஒன்றரை நிமிடத்திற்குக் குறைந்து வந்திருக்காது. முந்தைய ஆண்டு நாங்கள் அவருக்குப் புதுக் கணினி வாங்கித் தந்தும் பயனில்லாமல் போனதற்கு விளக்கம் இதுவே. அடுத்து அவர்கள் கேபிள்களின் உறையில் அச்சிட்டிருந்ததைப் படித்தார்கள். பெரும்பாலானவை கேட் 5இ வகை. அவை 100 மீட்டர் வரை ஒரு ஜிகாபிட் வேகத்தைத் தாங்கும். எனவே சுவிட்சை மாற்றினால் போதும், கேபிள்களைப் பிடுங்க வேண்டியதில்லை, எலி கடித்த மூன்றையும் இயந்திரக் கூடத்தின் மின்கம்பிகளோடு சேர்த்துக் கட்டிப் போயிருந்த இரண்டையும் மட்டும் மாற்றலாம் என்று எழுதித் தந்தார்கள். விற்க வந்தவர் ‘இது வேண்டாம்’ என்று எழுத்தில் தருவது நான் இதற்கு முன் பார்க்காதது. அவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை பிறந்தது அந்த வரியில்தான்.

சர்வரைத் திறந்த காட்சியை நான் மறக்க மாட்டேன். இயந்திரக் கூடத்தை ஒட்டிய மாடிப்படிக்கு அடியில் அது இருந்தது. அச்சடித்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க ஆஃப்செட் இயந்திரத்தில் தூவும் ஸ்ப்ரே பவுடர், காகிதத் தூசியோடு கலந்து, மின்விசிறியின் இதழ்களில் மாவு பூசியதுபோல் வெள்ளையாகப் படிந்திருந்தது. விரலால் தொட்டால் அப்பளமாக உரிந்து வந்தது. முகப்பில் ஒரு சிறிய ஆரஞ்சு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. “இது எப்போதிலிருந்து எரியுது?” என்று கேட்டார்கள். எப்போதும் எரிவதுதான் என்றோம். உள்ளே இரண்டு வன்தட்டுகள், ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றொன்றிலும் பதிவாகும்படி அமைக்கப்பட்டவை. ஒன்று கெட்டாலும் மற்றொன்று காப்பாற்றும் என்று சொல்லித்தான் 2014இல் எங்களுக்கு விற்றிருந்தார்கள். சர்வரின் பதிவேட்டைப் பார்த்தபோது, அவற்றுள் ஒன்று 14 மாதங்களுக்கு முன்பே செயலிழந்திருந்தது. எஞ்சிய ஒன்றும் பழுதான செக்டர்களை, அதாவது தட்டின் சிறு பகுதிகளை, ஓரங்கட்டிவிட்டு மாற்று இடத்தில் எழுதத் தொடங்கியிருந்தது. அந்த எண்ணிக்கை வாராவாரம் கூடிக்கொண்டிருந்தது. ஒரு முழு சீசன், அதாவது ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி, அந்த ஒற்றைத் தட்டின்மேல் நின்று ஓடியிருக்கிறது. அமைத்தவர்கள் பழுது எச்சரிக்கையை ஒரு மின்னஞ்சலுக்கு அனுப்பும்படி செய்திருந்தால் இது முதல் நாளே தெரிந்திருக்கும்.

பழுதும் வேகக்குறைவும் உள்ளுக்குள்ளிருந்து வரும் அடையாளங்கள். வெளியிலிருந்து வருபவை தேதிகள். தேதிகளை நாமே குறித்துவைத்துக்கொள்ள முடியும் என்பதால் அவற்றைத் தவறவிட்டதற்கு எங்களிடம் சமாதானம் இல்லை. எங்கள் சர்வரில் இருந்த விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2க்கான ஆதரவு, அதாவது வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது, 2023 அக்டோபர் 10ஆம் தேதியே முடிந்துவிட்டது. மற்ற பெரும்பாலான கணினிகளில் இருந்த விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 என்று தேதி குறித்திருந்தார்கள்; அது எங்கள் சீசனின் நட்டநடுவில் வரும் நாள். விண்டோஸ் 11க்கு மாற வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸரும் தேவை. அந்தக் கணக்கில் 22இல் 11 கணினிகள் தேறின. இதற்கிடையில் அரசின் விதிகளும் மாறிவந்தன. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய எங்களைப் போன்றவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் மின்விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) கட்டாயமானது. ஜி.எஸ்.டி. பதிவுள்ள வணிகர்களுக்குப் போடும் ஒவ்வொரு பில்லுக்கும் இணைய வழியே எண் பெற்ற பிறகே சரக்கு வண்டியேற முடியும். முன்பு இணையம் ஒரு மணி நேரம் போனால் மின்னஞ்சல் தாமதமாகும், அவ்வளவுதான். இப்போது லாரி வாசலில் நிற்கும். கட்டமைப்பில் எதுவும் மாறாமலே, அது நின்றால் ஏற்படும் இழப்பு பலமடங்காகிவிட்டது. வணிகர்கள் பலர் கவனிக்காமல் விடும் இடம் இதுவே என்பது என் கருத்து.

ஒப்பிடுவதற்காக வேறொரு நிறுவனத்திடமும் விலை கேட்டிருந்தோம். அவர்கள் அச்சகத்திற்கு வரவே இல்லை. தொலைபேசியில் எத்தனை கணினிகள் என்று கேட்டு, 22 புதுக் கணினிகள், புது சர்வர், முழுப் புதுக் கேபிள் என்று 19.4 லட்சம் ரூபாய்க்குப் பட்டியல் அனுப்பினார்கள். மதுரை நிறுவனம் ஆய்வுக்கு மட்டும் 12,000 ரூபாய் வாங்கியது. வேலையை அவர்களுக்கே கொடுத்தால் அதைக் கழித்துக்கொள்வதாக ஏற்பாடு. ஆய்வுக்குப் பணமா என்று அப்பா தயங்கினார். அவர்கள் தந்த மதிப்பீடு ஜி.எஸ்.டி. நீங்கலாக 11.2 லட்சம். 9 கணினிகள் மட்டும் புதிது. 11 கணினிகளுக்குப் பழைய வன்தட்டுக்குப் பதில் வேகமான எஸ்.எஸ்.டி. சேமிப்பும் கூடுதல் ரேம் நினைவகமும், புது சர்வர் ஒன்று, டிசைன் கோப்புகளுக்கென்று நான்கு தட்டுகள் கொண்ட தனிச் சேமிப்புப் பெட்டி, சுவிட்சுகள், யு.பி.எஸ்., ஒளி வழியே தகவல் அனுப்பும் ஃபைபர் கம்பி ஆகியவை மீதி. இலவச ஆய்வு என்று வருபவருக்கு அந்தச் செலவு விற்கும் பொருளில்தான் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதால், ஆய்வுக்குத் தனியாகக் கட்டணம் கேட்பவரை இனி நான் விலக்க மாட்டேன்.

எஞ்சிய இரண்டு கணினிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அச்சகத் தொழிலில் பலருக்கும் இதே சிக்கல் இருக்கும். டிசைனைப் பிளேட்டில் பதியும் புள்ளிகளாக மாற்றிச் சி.டி.பி. இயந்திரத்தை ஓட்டும் ரிப் மென்பொருளும் பழைய புரூஃப் பிரிண்டரும் விண்டோஸ் 7இல் மட்டுமே இயங்குபவை. அந்த விண்டோஸுக்கான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதி முடிந்துவிட்டது. இயந்திரமோ இன்னும் பல ஆண்டு ஓடும் நிலையில் இருக்கிறது; கணினிக்காக அதை மாற்றுவதென்றால் அது வேறு கணக்கு. இந்த இரண்டையும் இணையத்திலிருந்து முற்றிலும் துண்டித்து, நெட்வொர்க்கிலேயே தனிப் பிரிவாக்கி, சேமிப்புப் பெட்டியின் ஒரே ஒரு ஃபோல்டரிலிருந்து மட்டும் கோப்பு எடுக்கும்படி செய்தார்கள். ஏன் இவ்வளவு கட்டுப்பாடு என்று கேட்டபோது, 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸை நினைவூட்டினார்கள். விண்டோஸின் பழைய கோப்புப் பகிர்வு முறையில் இருந்த ஓட்டை வழியே அது ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்குத் தானாகவே தாவியது. அதற்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சிலேயே வெளியாகியிருந்தும், போடாதவர்கள்தான் அகப்பட்டார்கள். எங்கள் சர்வரில் அதே பழைய பகிர்வு முறை அதுவரை திறந்தே கிடந்தது.

வேலை மாசி மாதத்தில் நடந்தது. பொங்கலுக்குப் பிறகு ஆனி வரை எங்களுக்குச் சற்று ஓய்வான காலம் என்பதை அவர்களாகவே கேட்டுத் தெரிந்துகொண்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய மாற்றங்களை வைத்துக்கொண்டார்கள். சர்வர் மாடியில் குளிரூட்டிய சிறு அறைக்குப் போனது. அலுவலகத்திற்கும் பின்புறக் குடோனுக்கும் இடையே 140 மீட்டர் தூரம். முன்பு நடுவில் ஒரு சுவிட்சைத் தகரப் பெட்டிக்குள் வைத்து இழுத்திருந்தோம், ஐப்பசி மழையில் இடி இடிக்கும்போதெல்லாம் அதன் போர்ட்டுகள் கருகும். இப்போது ஃபைபர் போட்டிருப்பதால் தூரமும் பிரச்சினையில்லை, மின்னலின் அதிர்ச்சியும் அந்தக் கம்பி வழியே வர முடியாது. பழைய யு.பி.எஸ்.ஸைச் சோதிக்க, எங்கள் முன்னாலேயே மெயின் சுவிட்சை அணைத்தார்கள். நான்காவது நிமிடத்தில் எல்லாம் இருண்டது. அந்தச் சர்வர் ஒழுங்காக மூடுவதற்கே ஏழு நிமிடம் வேண்டும்.

காப்புப் பிரதி எடுக்கும் முறைக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட அக்கறை இந்தச் சேவையின் உச்சம். அதுவரை எங்களிடம் இருந்தது, சர்வரிலேயே எந்நேரமும் செருகிக் கிடந்த ஒரு வெளித்தட்டு. சர்வரைப் பூட்டும் வைரஸ் அந்தத் தட்டையும் சேர்த்தே பூட்டும் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. இப்போது இரவுதோறும் சேமிப்புப் பெட்டிக்கு ஒரு பிரதி போகிறது; கணக்குத் தரவு மட்டும் இணைய வழி மேகச் சேமிப்புக்கும் போகிறது; இரண்டு வெளித்தட்டுகளை வாரம் ஒன்றாக மாற்றி வீட்டுக்கு எடுத்துப் போகிறோம். இவ்வளவும் அமைத்த பிறகு, கணக்குப்பிள்ளையை அழைத்து, “ஐயா, போன வருஷத்துல ஏதாவது ஒரு பில்லைச் சொல்லுங்க, காப்புப் பிரதியிலிருந்து எடுத்துக் காட்டுறோம்” என்றார்கள். அவர் சொன்னார், வரவில்லை. இரவு எட்டு மணிக்குப் பிரதி எடுக்கத் தொடங்கியபோது யாரோ கணக்கு மென்பொருளைத் திறந்தே வைத்துவிட்டுப் போயிருந்ததால், சில கோப்புகள் பிரதியில் அரைகுறையாகப் பதிவாகியிருந்தன. நேரத்தை இரவு ஒரு மணிக்கு மாற்றி, அதற்கு முன் எல்லாக் கணினிகளிலும் கணக்கு மென்பொருள் தானாக மூடும்படி செய்து, மறுநாள் மறுபடியும் சோதித்தார்கள், அப்போது வந்தது. முதல் சோதனை தோற்றதை அவர்கள் மறைக்கவில்லை, கையளிப்பு அறிக்கையிலும் எழுதினார்கள். திரும்ப எடுத்துப் பார்க்காத காப்புப் பிரதிக்கு எவரும் பணம் கொடுக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

சீசனில் பலன் எப்படி? அதே 1.2 ஜிகாபைட் கோப்பு இப்போது 13 வினாடியில் வருகிறது. டெஸ்பாட்ச் ஊழியரின் கணினி ஒரு நிமிடத்திற்குள் தயாராகிறது. அதற்குப் புதுக் கணினி வாங்கவில்லை, எஸ்.எஸ்.டி.யும் ரேமும் மட்டும்தான். கணக்குப்பிள்ளை யாரையும் வெளியே வரச் சொல்வதில்லை. பென் டிரைவ் பழக்கம் மட்டும் வேகம் கூடியதால் தானாக நிற்கவில்லை, சி.டி.பி. அறையின் கணினியில் யு.எஸ்.பி. சேமிப்பை அடைத்த பிறகே நின்றது. புரட்டாசியில் ஒருநாள் இணையக் கம்பி அறுந்தபோது இரண்டாவது இணைப்புக்குத் தானாக மாறி, அன்று பில் போட்டுக்கொண்டிருந்தவருக்கே அது தெரியாமல் போனது. பிளேட் தவறாகப் போனது இந்த சீசனில் இல்லை.

குறைகளும் உண்டு. கடவுச்சொற்கள், நெட்வொர்க் வரைபடம், உரிமச் சான்றுகள் ஆகியவற்றை வேலை முடிந்த வாரமே தருவதாகச் சொல்லி, ஐந்து வாரம் கழித்து மூன்று முறை நினைவூட்டிய பிறகே தந்தார்கள். அந்த ஐந்து வாரமும் எங்கள் சர்வரின் முழுச் சாவி எங்களிடம் இல்லை. இது சிறு தாமதமென்று ஒதுக்கக்கூடியதல்ல. ஆவணம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. மின்தடைக்குப் பின் எதை முதலில் போட வேண்டும் என்ற ஒரு பக்கத்தையாவது தமிழில் கேட்டுப் பெற்று, சர்வர் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறோம். எங்கள் டிசைனர்கள் பயன்படுத்தும் பழைய தமிழ் எழுத்துருக்களைப் புதுக் கணினிகளுக்கு மாற்ற மறந்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை பழைய கோப்புகளைத் திறந்தபோது தமிழ் எழுத்துகள் எல்லாம் குறியீடுகளாகத் தெரிந்தன, அரை நாள் போனது. தமிழில் அச்சிடும் எவரும் இதை முன்கூட்டியே பட்டியலில் சேர்க்கச் சொல்ல வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தத்தில் நான்கு மணி நேரத்தில் ஆள் வருவதாக எழுதியிருக்கிறது. மதுரையிலிருந்து வர வேண்டும் என்பதால் தீபாவளி வாரத்தில் ஒருமுறை மறுநாள்தான் வந்தார்கள், ஆனால் தொலைவிலிருந்தே முக்கால்வாசிச் சிக்கலைத் தீர்த்துவிட்டார்கள்.

முதலாண்டுப் பராமரிப்புக்கு 84,000 ரூபாய் கொடுத்தோம். இரண்டாம் ஆண்டுக்கும் அவர்களிடமே ஒப்பந்தத்தைப் புதுப்பித்திருக்கிறோம், இம்முறை மூன்று வரிகளைச் சேர்த்து: கடவுச்சொல் மாறினால் அன்றே எங்களுக்கு எழுத்தில் தர வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நாங்கள் கேட்கும் கோப்பைக் காப்புப் பிரதியிலிருந்து எங்கள் கண்முன் எடுத்துக் காட்ட வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை, ஆடிக்கு முன், அரை நாள் ஊழியர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து அந்த மூன்று பக்கங்களைப் புதிதாக எழுதித் தர வேண்டும். மூன்றாவது வரியைச் சேர்க்கச் சொன்னவர் எங்கள் அப்பா.